என் போனில் முதலிடம்

செப்டம்பர் 4, திங்கள்

தாமிரக் கம்பி விற்கும் கம்பெனி புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. எட்டு மாதமாக அலமாரியில் காலியாகக் கிடந்தது. இன்று முதல் இதற்கு வேலை வந்திருக்கிறது. என் இணையக் கடையைச் சரிசெய்ய நான் அமர்த்தியிருக்கும் நஸ்ரின் போனில் கூப்பிட்டு, தினமும் காலையில் ஒரே நேரத்தில் தேடிப் பார்த்து எத்தனையாவது இடம் என்று குறித்து வைக்கச் சொன்னாள். அப்போதுதான் செய்கிற மாற்றம் பலிக்கிறதா என்று தெரியுமாம்.

காலை 6.40. தேடிய சொல்: கிரைண்டர் பெல்ட். பூங்கொடி 1. நான் 7.

எண்ணை மட்டும் எழுதி மூடிவிடத்தான் நினைத்தேன். பக்கம் பெரிதாக இருக்கிறது.

பூங்கொடி என் ஓரகத்தி. கொழுந்தனார் பாலகுமாரின் மனைவி, என்னைவிட ஒன்பது வயது இளையவள். அண்ணன் தம்பி இருவருக்கும் கணபதி ஏரியாவில் ஒரே குடோன். கிரைண்டர் பெல்ட், குழவியின் புஷ், மிக்ஸி ஜாரின் ரப்பர் வளையம், குக்கர் கேஸ்கெட் என்று ஒரு சமையலறையில் தேய்ந்து போகிற எல்லாமே அங்கே இருக்கும். இதற்கு இணையத்தில் கடை போடலாம் என்று ஆறு வருடம் முன்பு யோசித்துத் திறந்தவள் நான். பூங்கொடி தனியாகத் திறந்து மூன்று வருடம்தான் ஆகிறது. அப்போது அவளுக்கு மின்னஞ்சல் முகவரிகூடக் கிடையாது. அவள் கடைக்கு இணையத்தில் பெயர் வாங்கிப் பதிவு செய்து கொடுத்ததும் நான்தான், என்னுடைய பழைய மின்னஞ்சலில் இருந்து.

நேற்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் சொல்லிவிட்டார்கள். ஒரே குடோன், ஒரே சரக்கு, இரண்டு பேக்கிங் மேசை, பார்சல்கள் மாறிப் போகின்றன. இனி இணையத்தில் ஒரு கடை போதும். செப்டம்பர் முதல் தேதியில் இருந்து தீபாவளி வரைக்கும் யாருக்கு அதிக ஆர்டர் வருகிறதோ அந்தக் கடை இருக்கும். மற்றவர் குடோனில் இருப்புக் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம்.

நான் கணிதத்தில் பி.எஸ்சி., முதல் வகுப்பு. பூங்கொடி பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல், அதிலும் ஒரு பேப்பர் பாக்கி. இதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை. எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 6, புதன்

பூங்கொடி 1. நான் 7.

நஸ்ரின் குனியமுத்தூரில் இருந்து ஸ்கூட்டரில் வந்தாள். முப்பத்து நான்கு வயதிருக்கும். தேநீரில் சர்க்கரை வேண்டாம் என்றாள். என் கடையைத் தன் போனில் திறந்துவிட்டு, அது வருவதற்குள் பையில் இருந்து கண்ணாடியை எடுத்து, துடைத்து, போட்டுக்கொண்டாள். பதினொரு விநாடி ஆனதாம். பூங்கொடியின் கடை இரண்டு விநாடியில் வந்தது.

என் முதல் பக்கத்தில் ஆயுத பூஜை வீடியோ ஒன்று நாதஸ்வரத்தோடு தானாக ஓடும். படங்கள் எல்லாம் கல்யாண போட்டோகிராஃபரை வைத்து எடுத்தவை. நடுவில் அரக்குப் பட்டுப் புடவையில் நான், கீழே ஆங்கிலத்தில் என் வரவேற்புரை.

“மேடம், ஒரு பொம்பளை அரிசி ஊறப்போட்டு, பாதி மாவுல கிரைண்டர் நின்னுபோய், ஈரக் கையோட போன எடுக்கறா. அவளுக்கு நாதஸ்வரம் எதுக்கு?” என்றாள் நஸ்ரின்.

பக்கம் வர நேரமானால் ஆட்கள் திரும்பிப் போய்விடுவார்கள். வந்தவர்கள் நின்று படிக்கிறார்களா, அடுத்த பக்கத்துக்குப் போகிறார்களா, வாங்குகிறார்களா என்பதெல்லாம் கடையின் மதிப்பு. தேடல் கம்பெனிக்காரர்கள் எதை எவ்வளவு கணக்கில் எடுக்கிறார்கள் என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது, ஆனால் மனிதர்கள் நிற்காத கடையை யாரும் ரொம்ப நாள் முன்வரிசையில் வைக்க மாட்டார்கள் என்றாள்.

வீடியோவை எடுக்கச் சம்மதித்தேன். என் படத்தை எடுக்கச் சம்மதிக்கவில்லை.

செப்டம்பர் 9, சனி

பூங்கொடி 1. நான் 7.

எதிராளியைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் அவள் கடையை முழுதாகப் படித்தேன். நாற்பது நிமிடம். வரவேற்புரை இல்லை, அவள் படமும் இல்லை. கிரைண்டர் பெல்ட் என்ற பக்கத்தில் ஒரு பழைய பெல்ட், பக்கத்தில் தையல் டேப். “அறுந்த பெல்ட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. இப்படி வெச்சு அளந்து பாருங்க” என்று ஒரு வரி. கீழே ஒரு நிமிட வீடியோ. இரண்டு கைகள் மட்டும் தெரிகின்றன. மஞ்சள் கறை படிந்த நகம், ஒரு கண்ணாடி வளையல். அந்தக் கைகள் கிரைண்டரைச் சாய்த்து, நான்கு திருகுகளைக் கழற்றி, பெல்ட்டை மாட்டுகின்றன. பின்னணியில் குக்கர் விசில் அடிக்கிறது. அதைக்கூட வெட்டவில்லை.

கீழே முந்நூறு பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள். “அக்கா உங்க கை ரொம்ப அழகு” என்று ஒருத்தி.

அந்த வீடியோவை நான்கு முறை பார்த்தேன். திருகு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கவனிப்பதற்காக.

செப்டம்பர் 12, செவ்வாய்

பூங்கொடி 1. நான் 7. தண்ணீர் லாரி வரவில்லை.

செப்டம்பர் 18, திங்கள்

பூங்கொடி 1. நான் 8.

விநாயகர் சதுர்த்தி. மதியம் சிங்காநல்லூரில் கொழுந்தனார் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. பூங்கொடி கொழுக்கட்டை பிடித்துக்கொண்டே போனைத் தோளில் இடுக்கி, விழுப்புரத்தில் யாருக்கோ மிக்ஸி ஜாரின் அடிப்பாகத்தைக் கழற்றச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கடிகார முள்ளை எதிர்ப்பக்கமாகத் திருப்புகிற மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றாள் அவரிடம். விலைக்கு வாங்காதவர்களிடமும் இப்படித்தான் பேசுவாளாம்.

சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் அவள் வீடியோவைப் பற்றிப் பேசினார். குடோனுக்கு வரும் மெக்கானிக்குகளே அதைப் பார்க்கிறார்களாம். ஆறு வருடத்தில் என் வரவேற்புரையை அவர் ஒரு தடவையாவது படித்திருப்பாரா என்று கேட்கத் தோன்றியது. இன்னொரு கொழுக்கட்டை போட்டுக்கொண்டேன்.

கை கழுவும் இடத்தில் பூங்கொடி துண்டை நீட்டினாள். “உங்க சைட்ல அந்த இங்கிலீசு எவ்ளோ நல்லா இருக்குதுங்க்கா. எனக்கெல்லாம் அப்படி ஒரு வரி வராது.”

எட்டாம் இடத்தில் இருப்பவளைப் பார்த்து முதலிடத்தில் இருப்பவள் சொல்கிறாள். துண்டை வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 20, புதன்

பூங்கொடி 1. நான் 8.

எனக்கு ஒரு யோசனை வந்தது. ஆட்கள் வருவதுதான் கணக்கு என்றால் நமக்கு ஆளா இல்லை? பங்காளிகள் வாட்ஸப் குழுவில் எண்பத்தாறு பேர் இருக்கிறோம். காலையில் பூப் படம் போடுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வேலை இல்லை. என் கடையின் இணைப்பைப் போட்டு, “தினமும் ஒரு தடவை எல்லாரும் திறந்து பாருங்கள், சுகந்திக்கு உதவியாக இருக்கும்” என்று எழுதினேன்.

பொள்ளாச்சிப் பெரியம்மா ஆறு தாமரை அனுப்பினார். அவிநாசிச் சித்தப்பா, “பாத்துட்டேன் கண்ணு, தினமும் குளிச்சதும் அமுத்திடறேன்” என்று குரல் பதிவு போட்டார். பூங்கொடியும் அந்தக் குழுவில் இருக்கிறாள் என்பது போட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவள் ஒரு கட்டைவிரல் போட்டாள்.

செப்டம்பர் 28, வியாழன்

பூங்கொடி 1. நான் 9.

நஸ்ரின் மடிக்கணினியில் ஒரு வரைபடத்தைத் திறந்து வைத்தாள். பிறகு, ஒரு வாரமாகக் காலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் எழுபது எண்பது பேர் கும்பலாக வருகிறார்கள், நான்கு விநாடியில் எல்லோரும் போய்விடுகிறார்கள், எதையும் தொடுவதில்லை, பொள்ளாச்சி, அவிநாசி, தாராபுரம் என்று ஊர் காட்டுகிறது என்றாள்.

“இது நல்லதில்ல மேடம். கடைக்குள்ள வந்தவன் வாசல்லயே திரும்பிப் போனா என்ன அர்த்தம்? உங்களுக்கு வேண்டாதவங்க யாராவது ஆள் வெச்சு செய்யறாங்களா?”

இருக்கலாம் என்றேன்.

ஒரே ஒரு ஆள் மட்டும் வேறு மாதிரி என்று காட்டினாள். தினமும் மதியம் மூன்று மணிக்குச் சிங்காநல்லூரில் இருந்து ஒரு போன். இருபது நிமிடம், இருபத்தைந்து நிமிடம். ஒவ்வொரு பக்கமாகக் கடைசி வரைக்கும் படித்துவிட்டுப் போகிறது. எதுவும் வாங்குவதில்லை.

சிங்காநல்லூரில் எனக்குத் தெரிந்த வீடு ஒன்றுதான். வேவு பார்க்கிறாள். தினமும் இருபது நிமிடம் அடுத்தவள் கடையில் கண்ணை வைத்துக்கொண்டு இருப்பவளுக்கு மனசு எப்படி இருக்க வேண்டும்!

மாலையில் குழுவில், இனி யாரும் திறக்க வேண்டாம் என்று எழுதினேன். பெரியம்மா தாமரை அனுப்பினார். அவிநாசிச் சித்தப்பாவை நிறுத்த முடியவில்லை.

அக்டோபர் 3, செவ்வாய்

பூங்கொடி 1. நான் 9.

பழைய மின்னஞ்சலைச் சுத்தம் செய்தேன். மின்வாரியம், புடவைக் கடைத் தள்ளுபடி, மகள் படிக்கும் கல்லூரியின் சுற்றறிக்கை. பூங்கொடியின் கடைப் பெயருக்கான பதிவு இந்த மாதம் இருபத்து நான்காம் தேதியோடு முடிகிறது, புதுப்பிக்கவும் என்று ஒன்று. மற்றவற்றை அழித்தேன்.

மதியம் இட்லிப் பொடி அரைத்தேன். மிளகாய் கூடிவிட்டது.

அக்டோபர் 10, செவ்வாய்

பூங்கொடி 1. நான் 8.

படங்களை எல்லாம் சுருக்கியாகிவிட்டது. பக்கம் இப்போது நான்கு விநாடியில் வருகிறது. என் படமும் சின்னதாகிவிட்டது, ஆனால் இருக்கிறது. நஸ்ரின் என் பெல்ட் பக்கத்தில் இருந்த ஆங்கிலத்தை எடுத்துவிட்டு, பெல்ட் அறுந்தால் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்பதைத் தமிழில் எழுதித் தரச் சொன்னாள். ஒரு பக்கம் எழுதினேன். கடைசியில் அது பாதி மாவோடு நிற்கும் ஒரு பெண்ணின் கதையாகிவிட்டது. நஸ்ரின் படித்துவிட்டுச் சிரித்தாள், பிறகு அப்படியே போட்டுவிட்டாள்.

ஆர்டர்கள் கொஞ்சம் கூடியிருக்கின்றன. அவளுக்கு இன்னமும் என்னைவிட அதிகம்.

அக்டோபர் 17, செவ்வாய்

பூங்கொடி 1. நான் 7.

இரண்டாவது நினைவூட்டல் வந்தது. அவளுக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் போன் எடுத்தேன். நவராத்திரிக்குச் சுண்டல், கொழுந்தனாரின் பல்வலி, கொரியர்காரர்கள் வராத நாள் என்று கால் மணி நேரம் பேசினோம். அந்தப் பேச்சு வரவில்லை. அவளும் கேட்கவில்லை. தன் கடையின் பெயர் எப்போது முடிகிறது என்பது கடை நடத்துகிறவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருகிற விஷயம்தானே.

அக்டோபர் 23, திங்கள்

பூங்கொடி 1. நான் 7.

குடோனில் ஆயுத பூஜை. தராசு, டேப் ஒட்டும் இயந்திரம், இரண்டு பேக்கிங் மேசை எல்லாவற்றுக்கும் சந்தனம். பூங்கொடி தன் மடிக்கணினிக்குப் பொட்டு வைத்துவிட்டு, நான் கேட்காமலே என் மடிக்கணினிக்கும் வைத்தாள். மூடியின் சரியான நடுவில், அளந்த மாதிரி. அவள் மடிக்கணினியில் பொட்டு கோணலாக இருந்தது.

பொரி, கடலை, வாழைப்பழம் கொடுத்தார்கள். அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். காலையில் மூன்றாவது நினைவூட்டலும் வந்திருந்தது. நாளை இருபத்து நான்கு.

அக்டோபர் 25, புதன்

காலை 6.40. தேடலில் பூங்கொடி 1. தொட்டால் திறக்கவில்லை. வெள்ளைப் பக்கம்.

திரும்பத் தொட்டேன். வெள்ளை. டேப், மஞ்சள் நகம், குக்கர் விசில், முந்நூறு நன்றி எதுவும் இல்லை.

நாள் முழுக்கப் பார்த்தேன். பதினெட்டு முறை இருக்கும்.

அக்டோபர் 26, வியாழன்

வெள்ளை.

காலை பதினோரு மணிக்குப் பூங்கொடி கூப்பிட்டாள். நேற்றிலிருந்து கடை திறக்கவில்லை, இவருக்கும் புரியவில்லை, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டாள். அழவில்லை. குரல் மட்டும் மெலிந்திருந்தது. சர்வர் கோளாறாக இருக்கலாம், ஒன்றிரண்டு நாளில் வந்துவிடும் என்றேன்.

“அப்படீங்களா க்கா. நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டனுங்க.”

என் ஆர்டர்கள் மும்மடங்கு. என் வீட்டுக்காரர் தட்டில் இருந்து தலைதூக்கி, பரவாயில்லையே சுகந்தி, எழுந்து நின்றுவிட்டாயே என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு என் பெயரைச் சொன்னார்.

பாகற்காய் வறுவல் இன்று நன்றாக வந்தது. இரண்டு பேருமே மிச்சம் வைக்கவில்லை.

அக்டோபர் 27, வெள்ளி

நஸ்ரின் மாதக் கணக்குச் சொல்ல வந்தாள். நான் இந்த டைரியை விரித்து வைத்தேன். எட்டு வாரமாக விடாமல் எழுதியிருக்கிறேன் என்று பெருமையாக இருந்தது. அவள் ஒவ்வொரு நாளிலும் எண்ணை மட்டும் விரலால் தடவிக்கொண்டே வந்தாள். எல்லா நாளும் பூங்கொடி 1.

“எந்த போன்ல பாத்தீங்க மேடம்?”

என் போனில்தான். வேறு எதில் பார்ப்பது?

“அவங்க கடைக்கு எவ்வளவு தடவை போவீங்க?”

எப்போதாவது என்றேன். அவள் கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன். எங்கே போனேன், எத்தனை முறை போனேன் என்பதெல்லாம் ஒரு பட்டியலாக அதற்குள் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவள் மேலே தள்ளினாள், தள்ளினாள், அது முடியவில்லை. நல்ல பெண், அதை மூடிக் கொடுத்துவிட்டாள். தன் போனை எடுத்து, கிரைண்டர் பெல்ட் என்று தேடிக் காட்டினாள். நான் நான்காவது. பூங்கொடி ஐந்தாவது, அதுவும் திறக்கவில்லை. பிறகு அவளே எடுத்து வைத்திருந்த கணக்கைக் காட்டினாள். செப்டம்பர் தொடக்கத்தில் பூங்கொடி ஐந்து, நான் ஆறு. அதற்குப் பிறகு மாறி மாறி. பூங்கொடி ஒரு நாள்கூட முதலிடத்தில் இருந்ததில்லை. அந்த இடத்தில் சென்னையில் ஒரு பெரிய கம்பெனி உட்கார்ந்திருக்கிறது.

“போன் உங்களைத்தான் கவனிக்குது மேடம். நீங்க எங்க அடிக்கடி போறீங்களோ, எங்க ரொம்ப நேரம் நிக்கறீங்களோ, அது உங்களுக்குப் பிடிச்ச இடம்னு நெனச்சுக்கும். அதைத் தூக்கி முன்னாடி வைக்கும். தப்பு என்மேலதான், மொத நாளே சொல்லியிருக்கணும்.”

பிடித்த இடம்!

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னாள். அந்தச் சிங்காநல்லூர் ஆள் மூன்று நாளாக வரவில்லையாம்.

பூங்கொடியின் கடைப் பெயரைக் காலக்கெடுவுக்குள் புதுப்பிக்காவிட்டால் வேறு யார் வேண்டுமானாலும் வாங்கிவிடலாம் என்று அந்த மெயிலின் கடைசி வரியில் இருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், மூன்றாம் தேதியே கடைசி வரி வரை படித்தேன்.

அக்டோபர் 28, சனி

காலை ஆறரைக்குப் புதுப்பித்தேன். ஒரு வருடம், மூன்று வருடம், பத்து வருடம் என்று கேட்டது. பத்து என்றேன். முடிய நான்கு நிமிடம் ஆனது. நான்கு நிமிடம்தான்.

பத்து மணிக்குக் கடை திறந்தது. பூங்கொடிக்குப் போன் செய்து, மெயில் குப்பைப் பெட்டிக்குள் போய்விட்டிருந்தது, இன்றுதான் கண்ணில் பட்டது என்றேன்.

“சரிங்க்கா” என்றாள்.

அக்டோபர் 29, ஞாயிறு

மூன்று மணிக்குப் பூங்கொடி தனியாக வந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவளும் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தாள். நான்கைந்து துண்டு மடித்த பிறகு சொன்னாள்.

“பேரு வித்த கம்பெனிக்கு வியாழக்கிழமை மத்தியானமே போன் போட்டனுங்க்கா. தேதி முடிஞ்சு போச்சு, மூணு தடவை மெயில் அனுப்பியாச்சுன்னாங்க. யார் மெயிலுக்குன்னு பூரா சொல்ல மாட்டாங்களாம். மொத மூணு எழுத்து மட்டும் சொன்னாங்க. எஸ், யு, ஜி.”

நான் ஒரு தலையணை உறையை நீவிக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே மடித்ததுதான்.

வியாழக்கிழமையே தெரியுமென்றால் ஏன் கேட்கவில்லை என்றேன்.

“கேட்டிருந்தா உடனே பணம் கட்டியிருப்பீங்க. கேக்காமக் கட்டுவீங்களான்னு பாத்தனுங்க்கா.” ஒரு சட்டையின் காலரைச் சரிசெய்தாள். “கட்டிட்டீங்க. ரெண்டு நாளு ஆச்சு, அவ்வளவுதான்.”

அவள் கத்தியிருந்தால் எனக்குப் பதில் இருந்தது. இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்தேன்.

பிறகு பையில் இருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துத் துணிகளுக்கு மேல் வைத்தாள். என் கடையின் பக்கங்கள் வரிசையாக எழுதியிருந்தன. எதிரில் டேப் வைத்து அளந்த அளவுகள். பதினான்கு இடத்தில் என் அளவு தவறு. கம்பெனி புத்தகத்தில் பெல்ட்டின் வெளிச்சுற்றைப் போட்டிருக்கிறார்கள், நான் அதை உட்சுற்று என்று நினைத்துப் போட்டுவிட்டேன். அதனால்தான் அத்தனை பார்சல் திரும்பி வந்திருக்கிறது.

இதற்காகவா தினமும் வந்தாய் என்று கேட்டேன்.

“எல்லாரும் திறந்து பாருங்கன்னு குரூப்ல நீங்கதானே போட்டீங்க. பாக்கறதுன்னா பூரா பாக்கோணுமில்லீங்க?” என்றாள். இதில் கேலி இருக்கிறதா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. பிறகு பார்வையை நோட்டிலேயே வைத்துக்கொண்டு, “ஒரு மாசம் முன்னாடியே இதைக் குடுத்திருக்கலாமுங்க. போட்டி நடக்குதே, இருக்கட்டும்னு வெச்சுட்டேன். எனக்கும் ஆசை இருந்துச்சுங்க்கா” என்றாள்.

காபி போட்டேன். இரண்டு பேரும் குடித்தோம். சர்க்கரை சரியாக இருந்ததா என்று நினைவில்லை.

நவம்பர் 2, வியாழன்

பதினான்கு அளவுகளையும் திருத்தினேன். நோட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. காலையில் சிங்காநல்லூரில் இருந்து அதிரசம் வந்தது. நான் மைசூர்பாகு அனுப்பினேன். என் மைசூர்பாகு கல்லாகிவிட்டது. அவள் அதிரசத்தில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஓரத்தில் ஒன்று லேசாகக் கருகியிருந்ததைத் தனியாக எடுத்து வைத்துப் பார்த்தேன்.

நவம்பர் 19, ஞாயிறு

மதியம் எங்கள் வீட்டில் நால்வரும் உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் ஆர்டர் பட்டியலைப் படித்தார். என் கடைக்கு முப்பத்தொரு ஆர்டர் அதிகம்.

கொழுந்தனார் நல்ல மனிதர். அண்ணி ஜெயித்துவிட்டார் என்று கையைத் தட்டினார். பூங்கொடி எழுந்து எனக்கு ரசம் ஊற்றினாள். நாளையிலிருந்து குடோனில் எந்த மேசை தனக்கு என்று புருஷனிடம் கேட்டாள். ஜன்னல் பக்கத்து மேசை என்றால் கண்ணுக்கு நல்லது என்றாள். அந்த நான்கு நாட்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லியிருக்கவில்லை என்பது கொழுந்தனாரின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஆறு வருடம். என் கடை. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ரசத்தில் கையை வைத்தபடியே சொன்னேன்.

“அக்டோபர் கடைசியில நாலு நாள் கணக்கை எடுத்துடுங்க. அவ கடை நாலு நாள் மூடிக் கிடந்தது என்னாலதான். மூணு மெயில் வந்துச்சு. மூணையும் படிச்சேன்.”

அவர் கையில் இருந்த தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஏதோ எழுதியிருப்பது போலப் பார்த்தார். கொழுந்தனார் பூங்கொடியைப் பார்த்தார். அவள் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தாள்.

“சோத்துக்கு மோர் ஊத்திக்கலாமுங்களா?” என்றாள் பூங்கொடி. “ரசம் ஆறிப்போச்சு.”

அந்த நான்கு நாளை எடுத்தால் அவளுக்கு இருபது ஆர்டர் அதிகம். பூங்கொடியின் கடைதான் இருக்கும்.

என் வீட்டுக்காரர் மாலை வரை என்னிடம் பேசவில்லை. விளக்கு வைத்த பிறகு வந்து, அந்தப் பெல்ட் கதையை நீதான் எழுதினாயா என்று கேட்டார். குடோனில் யாரோ படித்துக் காட்டினார்களாம். ஆமாம் என்றேன்.

நவம்பர் 22, புதன்

அவள் கடையின் பெயரை அவள் மின்னஞ்சலுக்கு மாற்றினேன். சம்மதமா என்று கேட்டு ஒரு மெயில் வந்தது. உடனே படித்தேன். உடனே அழுத்தினேன்.

நவம்பர் 27, திங்கள்

குடோனில் எனக்கு ஜன்னல் பக்கத்து மேசை. இருப்புக் கணக்கைக் காலையில் முடித்துவிடுகிறேன். மதியத்துக்கு மேல் பூங்கொடி ஒவ்வொரு பொருளாக என் முன் கொண்டுவந்து வைக்கிறாள். “நான் அளக்கறேன், நீங்க எழுதுங்க்கா” என்கிறாள். இன்று குக்கர் கேஸ்கெட். விசில் வராத குக்கரின் முன்னால் நிற்கும் ஒரு மாமனாரைப் பற்றி எழுதினேன். படித்துவிட்டு, “இது எங்க மாமாதானுங்களே” என்றாள். எங்கள் இருவருக்கும் ஒரே மாமனார்தான்.

அவள் கடையின் கடைசிப் பக்கத்தில் அரக்குப் புடவையோடு என் படத்தைப் போட்டிருக்கிறாள். தபால் தலை அளவு. திறக்கும் நேரம் கூடவில்லையாம், சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டாளாம். கீழே ‘எழுத்து: சுகந்தி’ என்று இருக்கிறது. அவள் பெயர் எங்கேயும் இல்லை. கைகள் மட்டும்தான்.

காலை 6.40. நஸ்ரின் சொன்னபடி மகளின் போனில் தேடினேன். நாங்கள் நான்காவது. பிறகு என் போனில் தேடினேன். பூங்கொடி 1.

போனுக்குள் இருக்கும் அந்தப் பழைய பட்டியலை அழிக்க நஸ்ரின் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இரண்டு இடத்தில் தொட்டால் போதும். இன்னும் அழிக்கவில்லை.